உமா என்றால் குதிரை

1

போன செவ்வாய்க்கிழமையோடு நாங்கள் ஜப்பானுக்கு வந்து எட்டு வருஷம் முடிந்தது. அன்று காலையில் நான் லாயத்தில் சாணம் அள்ளிக்கொண்டிருந்தேன். என் கணவர் தேவா வேறொரு பண்ணையில் ஒரு முரட்டுக் குட்டியின் முதுகில் இருந்தார். மகள் யாழினி பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். சாயங்காலம், திருவள்ளூரை ஒட்டிய எங்கள் காக்களூரிலிருந்து என் தங்கச்சி வாட்ஸாப்பில் வாழ்த்து அனுப்பிய பிறகுதான் எங்கள் மூன்று பேருக்கும் தேதி நினைவுக்கு வந்தது.

"எட்டு வருஷமா அங்க கீற, ஒரு தபாவாவது புல்லட் ரயில்ல போனியாக்கா?" என்று கேட்டிருந்தாள்.

இல்லை. நாங்கள் இருக்கும் ஊருக்கு, முன்பு வந்துகொண்டிருந்த சாதா ரயிலே நின்றுபோய்விட்டது. ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவில், ஹிடாகா என்ற கடற்கரைப் பகுதி. ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மலை, இரண்டுக்கும் நடுவில் புல்வெளியும் வேலியும் குதிரைகளும். இந்த நாட்டின் பந்தயங்களில் ஓடும் உயர்ஜாதிக் குதிரைகளில் பெரும்பாலானவை இந்தக் கரையில்தான் பிறக்கின்றன. டோக்கியோவில் ஒரு குதிரை ஜெயித்தால் இங்கே ஏதாவது ஒரு வீட்டில் யாராவது அழுவார்கள்.

தேவா கும்மிடிப்பூண்டிப் பக்கம், கவரைப்பேட்டைக்காரர். அவருடைய சித்தப்பா ஒருவர் சென்னை ரேஸ் கோர்ஸ் லாயத்தில் வேலை பார்த்ததால் இவரும் அங்கே போய்ச் சேர்ந்து, குதிரைகளுக்குப் பயிற்சி ஓட்டம் கொடுப்பவரானார். அவர் தம்பி தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டைக்குக் கம்பெனி பஸ் ஏறிப் போகிறார். இவர் விமானம் ஏறினார். ஹிடாகாவில் குட்டிகளைப் பழக்க ஆள் போதவில்லை என்று இந்தியாவிலிருந்து எடுத்தார்கள். நானும் நான்கு வயது யாழினியும் கூடவே வந்தோம்.

வந்த முதல் வாரம் டவுன் ஆபீசுக்குப் போனோம். கண்ணாடி போட்ட ஒரு இளைஞர் என் பெயரை அவர்கள் எழுத்தில் எழுதினார், வாசித்தார், நின்றுவிட்டார். பக்கத்து மேஜைக்காரரைக் கூப்பிட்டார். இரண்டு பேரும் காகிதத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள்.

"உமா... சான்?" சான் என்பது அவர்கள் பெயரோடு சேர்க்கும் மரியாதை.

"ஆமாம், உமா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொன்னேன். புரியவில்லையோ என்று இன்னும் இரண்டு முறை சத்தமாகச் சொன்னேன்.

தேவா பக்கத்தில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "இன்னாத்துக்கு சிரிக்கிறீங்க?" என்றேன்.

"உமான்னா இவங்க பாஷைல குதிரை. நீ இன்னாடான்னா நின்னுகினு, நான் குதிரை நான் குதிரைன்னு கத்திக்கினு கீற."

அந்த இளைஞர் ரொம்பப் பணிவாக ஒரு வழி சொன்னார். முதல் எழுத்தைக் கொஞ்சம் நீட்டி 'ஊமா' என்று எழுதிக்கொண்டால் சங்கடம் இருக்காதாம். எங்கள் காதுக்கு அது ஊமை என்பதுபோல் கேட்டது. வாயில்லாதவளாக இருப்பதைவிடக் குதிரையாக இருப்பது மேல் என்று உமாவாகவே இருந்துவிட்டேன்.

2

காக்களூர் தொழிற்பேட்டையில் பதிமூன்று வருஷம் நான் மோட்டார் காயில் சுற்றினேன். தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமனான செப்புக் கம்பி. சுற்று ஒன்று கூடினாலும் மோட்டார் சூடாகும், குறைந்தாலும் எரியும். அம்மா அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர். கம்பெனிக்குப் போன முதல் ஆள் எங்கள் வீட்டில் நான்தான். என் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தவள் மேரி. அவள் பேசிக்கொண்டே சுற்றுவாள். ஆனாலும் அவள் காயில் ஒருநாளும் ரிஜெக்ட் ஆனதில்லை.

குதிரைக்காரரைக் கட்டிக்கொண்டாலும் நான் குதிரையைத் தொட்டதே இல்லை. எனக்குப் பயம்.

இங்கே எங்கள் வாடகை வீட்டுக்கு அடுத்த வேலி ஒகாவா என்பவருடைய பண்ணை. ஆறு தாய்க்குதிரைகள் மட்டுமே உள்ள சின்னப் பண்ணை. ஒகாவா அதிகம் பேசாதவர். அவர் மனைவி சாயுரி என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். அவளும் என்னைப்போல வெளியூரிலிருந்து வந்தவள்தான். ஒசாகாவில் ஒரு பெரிய கடையில் முகப்பூச்சு விற்றுக்கொண்டிருந்தாளாம். ஒருநாள் ஒரு பை உருளைக்கிழங்கோடு வந்து, காலையில் லாயம் சுத்தம் செய்ய வர முடியுமா என்று கேட்டாள்.

நான் கணவரின் விசாவில் வந்தவள். அப்படி வந்தவர்கள் தனியாக அனுமதி வாங்கி, வாரத்துக்கு இருபத்தெட்டு மணி நேரம் மட்டும் வேலை செய்யலாம். அனுமதிக்கு ஒரு படிவம், அதற்கு ஒரு புகைப்படம், காதும் நெற்றியும் தெரியாததால் இன்னொரு புகைப்படம், பஸ் பிடித்து மூன்று மணி நேரத்துக்கு மேல் போக வேண்டிய சப்போரோ நகரத்து ஆபீஸ். கடைசியில் முத்திரை விழுந்தது.

சாயுரி அந்த இருபத்தெட்டை எவ்வளவு மதித்தாள் என்பதை முதல் வருஷமே பார்த்தேன். ஏப்ரல் மாதம், ஒரு ஞாயிறு விடியற்காலை. ஹனா என்ற தாய்க்குதிரை வலியெடுத்துப் படுத்துவிட்டது. எனக்குப் பயத்தில் ஓடிவிடலாம் என்று தோன்றுகிறது. ஆனால் கால் நகரவில்லை, பார்க்க வேண்டும்போல இருக்கிறது. அந்த நேரத்தில் சாயுரி சுவரில் மாட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டு வந்து குனிந்து வணங்கினாள்.

"உமா சான், இந்த வாரத்து மணி நேரம் முடிந்துவிட்டது. தயவுசெய்து வீட்டுக்குப் போங்கள்."

"யார் பார்க்கப்போகிறார்கள்?" என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் கேட்டேன்.

"யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் உங்களுக்கு ஏதாவது ஆனால், இந்தக் குட்டியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்."

நான் வேலியைத் தாண்டிப் பொதுச் சாலையில் போய் நின்றுகொண்டேன். அங்கே நிற்க யாரிடமும் அனுமதி வேண்டாம். சாயுரி என்னைப் பார்த்தாள். லாயத்துக் கதவு இரண்டையும் அகலத் திறந்து வைத்தாள். உள்ளே குளிர் போகும் என்று தெரிந்தும் திறந்தாள். ஒரு குதிரைக்குட்டி பூமிக்கு வருவதை நான் முதல்முதலாகப் பார்த்தது அப்படித்தான், நடுரோட்டில் நின்றுகொண்டு. அரைமணி நேரத்துக்குள் அது எழுந்து நிற்கப் பார்த்தது, விழுந்தது, மறுபடி எழுந்தது. என் பயம் அந்த ரோட்டிலேயே விட்டுப்போயிற்று.

3

இந்தத் தொழிலைப் பற்றி ஊரில் யாரிடம் சொன்னாலும், "குதிரையா? கோடிக்கணக்குல வெல போவுமே!" என்கிறார்கள். போகும். பெரிய பண்ணைக் குதிரை போகும்.

காக்களூரில் ஆர்டர் வந்த பிறகுதான் கம்பியை எடுப்போம். இங்கே தலைகீழ். இந்த வசந்தத்தில் பொலிகுதிரைக்குக் கட்டணம் கட்டித் தாய்க்குதிரையைச் சேர்க்கிறார்கள். பதினொரு மாதம் கழித்துக் குட்டி. அதற்கு ஒரு வயது தாண்டிய பிறகு ஜூலையில் ஏலம். இன்றைக்குப் போட்ட முதல் திரும்பி வர இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அதுவரை யாருக்காகச் செய்கிறோம் என்றே தெரியாமல் ஒரு சரக்கைச் செய்கிறார்கள். நடுவில் அதற்குக் கால் கோணலாகலாம், வயிறு முறுக்கிக்கொள்ளலாம், இடிச் சத்தத்தில் வேலியில் மோதிக்கொள்ளலாம்.

நல்ல பொலிகுதிரைகள் பெரிய பண்ணைகளிடம் இருக்கின்றன. வாங்க வருபவர்கள் முதலில் அங்கேதான் போகிறார்கள். யென் மதிப்பு இறங்கியதிலிருந்து வெளிநாட்டுப் புல்லும் தீவனமும் விலை ஏறிவிட்டன. லாடம் அடிப்பவர் ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்கு ஓடிக்கொண்டே இருக்கிறார், டாக்டரும் அப்படித்தான். பண்ணையில் பிறந்த பிள்ளைகள் படித்துவிட்டு நகரத்துக்குப் போகிறார்கள். டிவியில் பார்த்தால் பந்தய மைதானத்தில் கூட்டம் அலைமோதுகிறது. அங்கே கொட்டும் பண மழையின் ஈரம்கூட எங்கள் பக்கம் எட்டவில்லை.

தேவாவின் பழைய கூட்டாளி ஒருவர் சென்னையிலிருந்து பேசினார். அங்கேயும் பந்தய நாள் குறைந்துவிட்டதாம், வரி ஏறிவிட்டதாம், வளர்த்த குட்டியை வாங்க ஆள் தேட வேண்டியிருக்கிறதாம். "இன்னா நைனா, உலகம் பூரா குதிரைக்கு நேரம் சரியில்ல போலக்கீது" என்று தேவா போனை வைத்தார்.

இவ்வளவுக்கும் நடுவில் சாயுரி என்ன செய்தாள் என்பதுதான் எனக்கு வியப்பு. குளிர்காலத்தில் ஒகாவா ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டப் போய்விடுவார். அவள் தனியாக ஆறு தாய்க்குதிரைகளையும் குட்டிகளையும் பார்த்தாள். ஒவ்வொரு குட்டியின் முன்காலையும் வாரத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில் நிற்க வைத்துப் படம் எடுத்தாள். கோணல் தெரிந்தால் அன்றைக்கே லாடக்காரருக்கு அனுப்பினாள். குதிரைகளிடம் கடைக்கு வந்த வாடிக்கையாளரிடம் பேசுவதுபோல மரியாதையாகத்தான் பேசுவாள். ஹனா ஒருமுறை அவள் தோளைக் கடித்தபோதுகூட, "இன்றைக்குப் புல் பிடிக்கவில்லையா?" என்றுதான் கேட்டாள்.

4

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு காலை. கடலிலிருந்து காற்று, தரையில் முழங்கால் அளவு பனி. எங்கள் ஹனா ஒரு பெண் குட்டி போட்டது. செம்பழுப்பு நிறம், நெற்றியில் வெள்ளைக் கோடு. வாரத்தின் தொடக்கம் என்பதால் அந்த முறை நான் உள்ளேயே இருந்தேன். குட்டியை வைக்கோலால் தேய்த்தது என் கைதான்.

வெளியே வந்து மூச்சு விட்டபோது மேட்டுப் பண்ணையின் தகாஹாஷி லாயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தார். அறுபதைத் தாண்டியவர், மனைவி இல்லை, மூன்று தாய்க்குதிரைகளோடு தனியாக இருப்பவர். கோட்டு போடவில்லை. முழங்கை வரை ரத்தம் உறைந்திருந்தது.

"வயிற்றுக்குள் குட்டியின் கால் மடங்கிக்கொண்டது. ஒரு கையால் தாயைப் பிடிக்க வேண்டியிருந்தது. போன் வீட்டுக்குள் இருந்தது" என்றார். கையைப் பார்த்துக்கொண்டே, "தாய் பிழைத்துவிட்டது" என்றார்.

எங்கள் லாயத்திலிருந்து அவர் பண்ணை முந்நூறு அடிகூட இருக்காது. ஒகாவா, சாயுரி, நான் மூன்று பேரும் அந்த நேரத்தில் ஒரே குட்டியின் மேல் கவிழ்ந்திருந்தோம். அது சுலபமாக வந்த குட்டி. ஒரு ஆள் போதும்.

ஒகாவா அவருக்குத் தன் கோட்டைப் போட்டுவிட்டு மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சாயுரியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "இந்தக் குட்டி ஏலத்துக்குப் போகும் அடுத்த வருஷ ஜூலை வரை பார்ப்போம். அதோடு நிறுத்திக்கொள்வோம். தாய்க்குதிரைகளை விற்றுவிடலாம்."

சாயுரி ஹனாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள். வயதான தாய்க்குதிரைகள் எல்லாமே நல்ல புல்வெளிக்குப் போய்ச் சேர்வதில்லை என்பது இங்கே எல்லாருக்கும் தெரியும். கறிக்குப் போவதும் உண்டு, யாரும் அதை வாய்விட்டுச் சொல்வதில்லை.

5

அந்த வார இறுதியில் மேரி வீடியோவில் வந்தாள். நான் விஷயத்தைச் சொன்னேன். அவள் இப்போது காக்களூரில் ஒரு ஷெட்டுக்கு சூப்பர்வைசர். பின்னால் மிஷின் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"இன்னாடி இது, பக்கத்து ஊட்டுல ஒரு ஜீவன் செத்துகினு கீது, இந்தாண்ட மூணு பேரு நின்னுகினு கீறீங்க. ஒரு ஆளு அந்தாண்ட போயிருந்தா முடிஞ்சிருக்கும்ல?"

"யாருக்குத் தெரியும்டி? அவங்கவங்க பண்ணை அவங்கவங்களுக்கு. இங்க ஒருத்தர் கஷ்டத்த ஒருத்தர்கிட்ட சொல்லவே மாட்டாங்க."

"நம்ம ஓனருங்க மட்டும் சொன்னாங்களா? கொரோனாவுக்கு அப்புறம் ஆர்டரே இல்ல. மூணு ஷெட்டு வரிசையா மூடற மாதிரி ஆயிடுச்சு. அல்லாரும் பேஜாராயி ஒக்காந்துகினு இருந்தோம். ஆனா ஒருத்தன் ஷெட்டுக்குள்ள இன்னொருத்தன் எட்டிப் பாக்க மாட்டான். நாங்க பொம்பளைங்கதான் போயி நின்னோம். மூணு ஷெட்டுக்கும் ஒரு டெம்போ போதும், காயில காய வெக்கிற வார்னிஷ் அடுப்பு ஒண்ணு போதும், இன்னிக்கு எங்க ஆர்டரு கீதோ அங்க நாங்க போறோம், மத்த ரெண்டு ஷெட்டுக்காரங்களும் எங்கள ஊட்டுக்கு அனுப்பாதீங்கன்னோம். மொதல்ல மொறச்சானுங்க. இப்போ பாரு, மூணும் ஓடுது."

அவள் இதை எனக்கு ஒருநாளும் சொன்னதில்லை. பெரிய காரியம் செய்ததாக அவளுக்கே தோன்றவில்லை. போனை வைத்த பிறகு வெகுநேரம் எனக்கு அவளைப் பற்றியே நினைப்பு. ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். நான் இருந்திருந்தால் போய் நின்றிருப்பேனா என்று தெரியவில்லை.

மறுநாள் லாயத்தில் சாயுரியிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். இரவெல்லாம் மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். அவர்கள் மொழியில் உதவி கேட்பதற்கு 'கை கடன் வாங்குவது' என்று ஒரு அழகான வழக்கு உண்டு. பக்கத்துப் பண்ணைகளோடு கை கடன் வாங்கிக்கொள்வோம் என்று சொல்ல வேண்டும். தே ஓ கரிமஷோ. அவ்வளவுதான்.

காலையில் போய் வணங்கி, அவள் முகத்தைப் பார்த்து, தெளிவாகச் சொன்னேன்: "தே ஓ கிரிமஷோ."

சாயுரி கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தாள். முகம் வெளுத்துவிட்டது. பிறகு இடுப்பு வரை குனிந்து, இத்தனை நாள் செய்ததற்கு மிக்க நன்றி என்றாள். வீட்டுக்குள் போய் ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்து இரண்டு கையாலும் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. என் யோசனை அவள் மனசை அவ்வளவு தொட்டுவிட்டது என்று நினைத்து நானும் கலங்கிப்போய், பிஸ்கட்டோடு சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

யாழினி பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். அவளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நான் தமிழில் கேட்டால் அவள் ஜப்பானிய மொழியில் பதில் சொல்வாள். பள்ளிக்கூடத்துக்கு நான் வந்தால் பையன்கள் குதிரைபோலக் கனைக்கிறார்கள் என்று, பெற்றோர் கூட்டத்தில் 'உஷா' என்று பெயர் சொல்லும்படி ஒருமுறை கேட்டாள். 'என் சொந்த ஊர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது ஹிடாகாவைப் பற்றித்தான் எழுதினாள். திருவள்ளூர் ஒரு வரியில் வந்தது: 'அது என் அம்மாவின் ஊர்.' அதில் பிழை எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த நோட்டை நான் இரண்டு நாள் மூடி வைக்கவில்லை.

நடந்ததைச் சொன்னேன். அவள் வழக்கம்போல ஜப்பானிய மொழியில் கேட்டாள், "நீ சொன்னதை அப்படியே சொல்."

"தே ஓ கிரிமஷோ."

அவள் பையைக் கீழே போட்டாள். அவசரத்தில் அவளுக்குத் தமிழ்தான் வந்தது. அதுவும் முழுக்க எங்கள் வீட்டுத் தமிழ்.

"ஐயோ அம்மா! கரி இல்ல, கிரின்னு சொல்லிகீற! அது கைய வெட்டிக்கலாம்னு அர்த்தம். இனிமே உனக்கும் எனக்கும் ஒண்ணும் இல்லன்னு சொல்லிட்டு, பிஸ்கட்டும் வாங்கினு வந்துகீற!"

ஒரே எழுத்து. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேலியைத் தாண்டி ஓடினாள். சாயுரி ஹனாவின் கழுத்தில் முகத்தை வைத்து நின்றுகொண்டிருந்தாள். யாழினி மூச்சு வாங்கச் சொல்லத் தொடங்கினாள். காக்களூர், மூன்று ஷெட், டெம்போ, மேரி, வார்னிஷ் அடுப்பு எல்லாவற்றையும் சொன்னாள். நான் தமிழில் சொல்லச் சொல்ல அவள் ஒரு வார்த்தை விடாமல் மாற்றினாள். அவள் என் பக்கத்தில் அவ்வளவு நெருக்கமாக நின்று வெகுநாள் ஆகியிருந்தது.

சாயுரி கேட்டு முடித்துவிட்டுச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, "அந்த மூன்று முதலாளிகளும் ஒத்துக்கொண்டார்களா?" என்றாள்.

"முதலில் முறைத்தார்களாம்" என்றாள் யாழினி.

"இங்கேயும் முறைப்பார்கள்" என்று சொல்லி, சாயுரி லாயத்துப் பூட்ஸைக் கழற்றி, வெளியே போகும் ஷூவை மாட்டினாள்.

6

முறைத்தார்கள். தகாஹாஷி, தன்மேல் பரிதாபப்பட்டு வருகிறார்கள் என்று நினைத்துக் கதவைத் திறக்கவே இல்லை. சாயுரி மூன்று நாள் போனாள். மூன்றாம் நாள், "உங்களுக்கு உதவ வரவில்லை. போன வாரம் என் கணவர் நின்றுகொண்டே தூங்கி விழுந்தார். எங்களுக்கு உங்கள் கை வேண்டும்" என்றாள். கதவு திறந்தது. வளைவுக்கு அப்பாலிருந்த ஒரு இளம் தம்பதியும் சேர்ந்துகொண்டார்கள். கைக்குழந்தை வைத்திருந்த அவர்களுக்குத் தூக்கம் என்றாலே என்னவென்று மறந்திருந்தது.

இந்த வசந்தத்தில் மூன்று பண்ணைக்கும் சேர்த்து ஒரே அட்டவணை. எந்தத் தாய்க்குதிரைக்கு எப்போது நாள் நெருங்குகிறது, யார் எப்போது விழித்திருப்பது, அவசரம் என்றால் யார் ஓடுவது எல்லாம் அதில் இருந்தது. புல்லையும் தீவனத்தையும் சேர்ந்து வாங்கினார்கள். லாரியும் பொதுவாயிற்று; மிஞ்சிய ஒன்று விற்கப்பட்டது. என் இருபத்தெட்டு மணி நேரத்தை மூன்று பண்ணைக்கும் பிரித்துச் சப்போரோவில் கேட்டு உறுதி செய்துகொண்டோம். அங்கே கவுண்டரில் இருந்த அம்மாள், "குதிரை எந்த மணிக்குப் பிரசவிக்கும் என்று முன்கூட்டியே எழுதித் தர முடியுமா?" என்று நிஜமாகவே கேட்டார்.

மூன்று பண்ணையிலும் ஒரு குட்டிகூட இறக்கவில்லை. தகாஹாஷியின் அதே தாய்க்குதிரைக்கு இந்த முறையும் குட்டியின் கால் மடங்கித்தான் வந்தது. நான்கு பேர் இருந்தோம். ஒகாவா தோள் வரை கையை விட்டுத் திருப்பினார். குட்டி வெளியே வந்து தும்மியதும் தகாஹாஷி வைக்கோலில் உட்கார்ந்துவிட்டார், எழுந்திருக்கவே இல்லை.

ஆனால் குட்டிகள் பிழைப்பது வேறு, பண்ணை பிழைப்பது வேறு. ஜூலை வந்தது.

ஹனாவின் செம்பழுப்புக் குட்டிக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. ஏல நாளன்று அதன் வாலை நான்தான் சீவினேன். சாயுரி கறுப்புக் கோட்டு போட்டு, ஒசாகா கடையில் நின்ற நாட்களைப்போல முகத்துக்குப் பூச்சு போட்டுக்கொண்டு, கயிற்றைப் பிடித்து வளையத்துக்குள் நடத்திப் போனாள். குட்டி ராணிபோல நடந்தது. மேலே வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஏலக்காரர் ஒரு விலை சொன்னார். யாரும் கை தூக்கவில்லை. இறக்கிச் சொன்னார். யாரோ தும்மினார்கள். இன்னும் இறக்கினார். பிறகு சுத்தி தட்டப்பட்டது. விற்கவில்லை.

சாயுரி குட்டியை நிறுத்தி, அந்த வரிசைகளைப் பார்த்து ஆழமாக வணங்கிவிட்டு வெளியே வந்தாள்.

எனக்குக் கோபம். "ஒருத்தரும் வாங்கவில்லையே, எதற்கு வணங்கினீர்கள்?"

"பார்த்தார்களே" என்றாள்.

திரும்பும் வழியில் ஒகாவா வண்டி ஓட்டினார். கடலோரத்தில் கடற்பாசி காயவைத்துக்கொண்டிருந்தார்கள். அவர் சொன்ன ஜூலை இதுதான் என்று மூன்று பேருக்கும் தெரியும்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு நான் போனபோது சாயுரி ஏற்கெனவே அந்தக் குட்டியின் காலைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். விற்காத குட்டிக்கு எதற்கு என்று நான் கேட்கவில்லை. அன்றைக்கு வாரப் படம் எடுக்கும் நாள்.

அந்தப் படங்கள்தான் வேலை செய்தன. பத்து நாள் கழித்து, சின்ன ஊர்ப் பந்தயங்களுக்குக் குதிரைகளைத் தயார் செய்யும் ஒரு பயிற்சியாளரைத் தகாஹாஷி கூட்டி வந்தார். தனக்காக யாரிடமும் எதையும் கேட்காத மனிதர், இந்தக் குட்டிக்காக மூன்று மணி நேரம் வண்டி ஓட்டிப் போயிருக்கிறார். பயிற்சியாளர் குட்டியைப் பார்த்ததைவிட அதிக நேரம் சாயுரியின் போனைப் பார்த்தார். பிறந்த வாரத்திலிருந்து ஒரு வாரம் விடாமல் இரண்டு முன்கால்கள். "விலைக்கு வாங்க என்னால் முடியாது. குத்தகைக்குத் தாருங்கள். தீவனம், பயிற்சி என் பொறுப்பு, ஜெயித்தால் பாதி உங்களுக்கு" என்றார். பிறகு மற்ற குட்டிகளின் படங்களையும் கேட்டார்.

இது பெரிய வெற்றி இல்லை. புல் விலை இறங்கவில்லை. பெரிய பண்ணைகள் பெரிய பண்ணைகளாகவே இருக்கின்றன. அடுத்த ஜூலையிலும் ஏலக்காரர் விலையை இறக்கிக்கொண்டே போகலாம். இதை மேரியிடம் சொன்னபோது, "நம்ம கிட்ட மட்டும் இன்னா, ஆர்டரு கொட்டுதா? மாசம் பொறந்தா மறுபடியும் மொதல்லேர்ந்துதான்" என்றாள். அவளும் சாயுரியும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பார்த்தால் மொழி தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஒகாவா மட்டும் எதுவும் சொல்லாமலே இருந்தார். ஆகஸ்ட் போயிற்று. தாய்க்குதிரைகளை விற்பதென்றால் இலையுதிர்கால ஏலத்துக்குப் பெயர் கொடுக்க வேண்டும். கொடுத்தாரா என்று கேட்கச் சாயுரிக்கே தைரியமில்லை.

போன சனிக்கிழமை நான் லாயத்தைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஒகாவா உள்ளே வந்து, தொப்பியைக் கழற்றி, வாசலருகே நின்றார். கையில் ஒரு புதிய தாளும் பென்சிலும் இருந்தன. மூன்று பண்ணைகளின் பெயரும் மேலே எழுதியிருந்தது. கீழே கட்டங்கள் காலியாக இருந்தன.

"உமா சான், வருகிற மார்ச்சில் உங்களுக்கு எந்த நாட்கள் தோதுப்படும்?"

சாயுரி ஹனாவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அவள் கையிலிருந்த பிரஷ் அப்படியே நின்றது.

நான் குழாயை மூடி, கையை உடுப்பில் துடைத்துக்கொண்டு, பென்சிலை வாங்கினேன். முதல் வாரத்தில் என் பெயரை எழுதினேன். ஹனா எப்போதும் நாளுக்கு முந்தியே குட்டி போட்டுவிடும்.